நாலு நிமிடத்தில் பிடித்த கப்பலும் நாற்பது பக்க நோட்டும்

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் 2018-இல் நாங்கள் ஓடிய ஓட்டத்தை யாராவது வீடியோ எடுத்திருந்தால் இன்றுவரை அது சுற்றிக்கொண்டிருக்கும். கையில் செருப்போடு முன்னால் நான். முழங்கால் வலியைச் சபித்தபடி பின்னால் இவர், என் கணவர். எங்கள் சுற்றுலாக் கப்பலின் பால்கனிகளில் நின்றவர்கள் கைதட்டினார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கப்பல் கிளம்பும் நேரத்தில் பால்கனிக்கு வந்து, தாமதமாக ஓடிவருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அப்படி ஓடுகிறவர்களுக்கு 'பியர் ரன்னர்ஸ்' என்று பெயரே இருக்கிறது.

லிவோர்னோவில் கப்பல் நின்றால் பெரும்பாலானவர்கள் போவது பீசாவுக்கும் பிளாரன்ஸுக்கும். பீசா பக்கம்தான், இருபது கிலோமீட்டர் சொச்சம். பிளாரன்ஸ் கிட்டத்தட்ட 90 கி.மீ. கப்பலில் விற்ற டூர் அநியாய விலை என்று தோன்றியது. ரயிலில் நாமே போய் வரலாம் என்று கிளம்பிவிட்டோம். கப்பல் புறப்படுவது மாலை 7 மணிக்கு. 4:25 ரயிலைப் பிடித்தால் 5:50-க்கு லிவோர்னோ. ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் மிச்சம். இருபத்தேழு வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவள் போட்ட கணக்கு இது.

அதில் நாலு ஓட்டைகள். கப்பல் புறப்படும் நேரம் வேறு, எல்லோரும் ஏறி முடிக்க வேண்டிய நேரம் வேறு. எங்கள் கப்பலுக்கு அது 6:30. அடுத்து, லிவோர்னோ ஒரு பெரிய சரக்குத் துறைமுகம். கண்டெய்னர்களுக்கு நடுவே நம்மை நடக்க விடமாட்டார்கள், ஷட்டில் பஸ்ஸோ டாக்ஸியோ வேண்டும். மூன்றாவது, ரயில் நடுவழியில் காரணம் சொல்லாமல் பதினெட்டு நிமிடம் நின்றது. கடைசியாக, டாக்ஸிக்காரரிடம் கப்பலின் பெயரைச் சொல்லத் தெரிந்ததே தவிர, அது எந்தத் தளத்தில் நிற்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் வேறொரு கப்பலின் முன்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்துதான் அந்த ஓட்டம். 6:26-க்கு கேங்வேயில், அதாவது கப்பலில் ஏறும் பாலத்தில், கால் வைத்தோம். நாலு நிமிடம்.

அன்று இரவுச் சாப்பாட்டு மேஜையில் எங்களோடு உட்காரும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா, "பிளாரன்ஸில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார். யோசித்தேன். ரயில் நிலையத்துக் கடிகாரம்தான் நினைவுக்கு வந்தது. அவருக்கு அது பதினோராவது கப்பல் பயணம். சிரித்துவிட்டுச் சொன்னார்: "முதல் தடவை எல்லோரும் காலையிலிருந்து கணக்குப் போடுவார்கள். சாயங்காலத்திலிருந்து போட்டுப் பாருங்கள்."

காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து அதன் மேலேயே எழுதிக் காட்டினார். ஏற வேண்டிய நேரம் 6:30. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, 5 மணிக்கு, துறைமுக வாசலில் இருக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வாசலுக்கு அரை மணி. ரயில் ஒன்றரை மணி. ஆக பிளாரன்ஸில் 3 மணி ரயில். அந்த ரயில் ரத்தானால் அதற்கடுத்த ரயிலிலும் கப்பலைப் பிடிக்க முடிய வேண்டும். அடுத்ததிலும் முடியாது என்றால் 3 மணி ரயிலே தப்பு. அப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் பிளாரன்ஸில் கிடைப்பது நாலு மணி நேரம் சொச்சம். "அந்த நாலு மணி நேரத்தில் எது முடியுமோ அதை மட்டும் பாருங்கள். அது போதாது என்றால் பீசாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கப்பல் டூரில் போங்கள்."

கப்பல் டூரின் விலையில் பஸ்ஸும் வழிகாட்டியும் மட்டுமில்லை என்று அன்றுதான் புரிந்தது. கப்பலே நடத்தும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாத நிலை வந்தால் அடுத்த துறைமுகத்தில் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போனவருக்கு இரண்டும் கிடையாது. புறப்படும் முன், வந்து சேராதவரின் கேபினைத் திறந்து, பாதுகாப்புப் பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் போய்விடும் என்றார் அந்த அம்மா. அந்த ஏஜென்ட்டின் போன் நம்பர் எங்கே கிடைக்கும்? தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். இறங்கும் முன் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே கப்பல் நிற்கும் தளத்தின் பலகையையும். அவர் தன் மூன்றாவது பயணத்தில் கப்பலைத் தவறவிட்டு, சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தவர். அதைச் சொல்லும்போது துளிகூட வெட்கப்படவில்லை.

அந்தக் கைக்குட்டையை ஒட்டித்தான் என் நாற்பது பக்க நோட்டைத் தொடங்கினேன்.

அடுத்த கப்பல் பயணம் 2025 செப்டம்பர் முதல் வாரத்தில்தான் அமைந்தது. ரோமுக்கு அருகே சிவிட்டவெக்கியாவில் ஏறி, நேப்பிள்ஸ், ஏதென்ஸின் பிரேயஸ், துருக்கியின் குஷாதாசி, சாண்டோரினி, மிக்கோனோஸ், திரும்பவும் சிவிட்டவெக்கியா. ஒரு வருடம் முன்பே, போய் வந்தவர்களைத் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் ஒன்றும் தேறவில்லை. "சாண்டோரினி எப்படி?" என்று கேட்டால் "சொர்க்கம்!" என்பார்கள். போனை எடுத்து நீலக் கூரை போட்ட போட்டோ காட்டுவார்கள். அதை வைத்து நான் என்ன செய்வது?

அப்புறம் கேள்வியை மாற்றினேன். "எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?" அவ்வளவுதான், மடை திறந்தது. ஒருவர் கேபிள் கார் வரிசையில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற கதை. இன்னொருவர் பொம்பேயிக்குத் தவறான ஸ்டேஷனில் இறங்கிய கதை. என் பெரியப்பா மகள் அக்கா, வாய் திறந்தால் பெருமைதான் பேசுவாள். அவளே துருக்கியில் எபேசஸ் என்ற பழங்கால நகர இடிபாடுகளில் வழுக்கி விழுந்ததை அன்றுதான் சொன்னாள். நன்றாக நடந்ததைக் கேட்டால் போட்டோதான் கிடைக்கிறது. தப்பாகப் போனதைக் கேட்டால் நேரம், தூரம், படி, நிழல், வரிசை எல்லாம் தானாக வந்து விழுகின்றன.

ஆனால் வந்து விழுவதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதினேன்: பயணம் செய்த வருடம், பயணம் செய்த மாதம், சொன்னவரின் கால். சிரிக்காதீர்கள், கால் முக்கியம். "ஏறுவது சுலபம்" என்று ஒருவர் சொன்னால் அப்போது அவருக்கு வயது என்ன, மலையேறுகிறவரா, கைக்குழந்தையோடு போனாரா என்று தெரியாமல் அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை. இவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன. முப்பது வயதுக்காரரின் 'பத்து நிமிட நடை' எங்களுக்கு இருபத்தைந்து.

வருடம் ஏன் என்றால், துறைமுகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அக்கா ஒரு போட்டோ வைத்திருக்கிறாள். வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்தைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து குனிந்து பார்த்து எடுத்தது. அவள் பேச்சைக் கேட்டு வெனிஸ் கப்பலைத் தேடினேன். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள் அந்தப் பக்கமே போக முடியாது. 'வெனிஸ்' என்று விற்கப்படும் பல பயணங்கள் ரவென்னாவிலோ டிரியெஸ்டேயிலோ தொடங்குகின்றன, அங்கிருந்து பஸ்ஸில் போக வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பாமல் துறைமுகத்தின் பெயரைப் பார்க்க வேண்டும் என்று அதற்கு அடியில் எழுதினேன். ரோம் என்பதும் அப்படித்தான். சிவிட்டவெக்கியாவிலிருந்து ரோம் 70 கி.மீ.க்கு மேல், ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும். அதனால் கப்பல் ஏறும் நாளில் விமானத்தில் வந்து இறங்கவே கூடாது, முந்தின நாளே வந்துவிட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் கேட்ட அத்தனை பேரும் ஒரே பேச்சு.

கேபின் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. ஜன்னல் இல்லாத உள்கேபின் போதும், தூங்கத்தானே போகிறோம் என்பவர்கள் ஒரு பக்கம். பால்கனி இல்லாமல் கப்பலே எதற்கு என்பவர்கள் மறுபக்கம். எனக்கு உதவியது நர்ஸ் அம்மா அனுப்பிய ஒரே வரிதான்: "டெக் படத்தில் உங்கள் கேபினுக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள்." மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுக்கும் சத்தத்தில் எழுவீர்கள். கீழே நடன அரங்கு என்றால் தூங்கவே மாட்டீர்கள். குமட்டல் வருகிறவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். ஊஞ்சல் நடுவில் ஆட்டம் குறைவு என்பது மாதிரி.

விசாவில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எடுத்துப் போகிறவர்கள் இத்தாலி, கிரீஸ் என்று பார்த்துவிட்டு ஒருமுறை நுழையும் விசாவே போதும் என்று நினைத்துவிடுவார்கள். நடுவில் குஷாதாசி வந்தால் ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறோம். பலமுறை நுழைவு அனுமதி வேண்டும். துருக்கிக்கு என்ன வேண்டும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கப்பலை விட்டு இறங்கவே போவதில்லை என்றாலும், ஆவணம் சரியில்லை என்றால் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

இனி கரை இறங்கிய கதை. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் மூன்றே வழிதான்: கப்பல் டூர், தனியார் டூர், சொந்தமாக. எது சிறந்தது என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. திரும்பி வர இரண்டாவது வழி இருக்கிறதா என்பதுதான் என் ஒரே சோதனை. இருந்தால் சொந்தமாக. இல்லையென்றால் பணம் போகட்டும், கப்பல் டூர்.

நேப்பிள்ஸில் சொந்தமாகப் போனோம். கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கிறது. வெசுவியஸ் எரிமலையைச் சுற்றி ஓடும் சின்ன ரயில் பொம்பேயிக்கு முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் போய்விடும். அது தகராறு செய்தால் டாக்ஸி இருக்கிறது, 25 கி.மீ. தூரம்தான். இறங்க வேண்டிய ஸ்டேஷன் 'பொம்பேயி ஸ்காவி', வெறும் 'பொம்பேயி' இல்லை. மாட்டிக்கொண்டவர் சொன்னதால் தெரிந்தது. 2024 நவம்பரிலிருந்து நாளுக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் நம் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டும் எந்தப் பழைய பயணியும் சொல்லாதது. வருடத்தை எழுதி வைத்ததன் பலன், எல்லாக் குறிப்பும் அதற்கு முந்தியது என்று பார்த்ததும் தனியே சரிபார்த்தேன்.

கி.பி. 79-இல் சாம்பலில் புதைந்த ஊரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லப்போகிறேன். ஒன்றே ஒன்று. தெருக்களின் குறுக்கே உயரமான கற்கள் போட்டிருக்கிறார்கள், தெருத் தண்ணீரில் கால் நனையாமல் கடக்க. அவற்றுக்கு நடுவே வண்டிச் சக்கரம் போகிற அளவுக்கு இடைவெளி. சக்கரம் போய்ப் போய்க் கல்லில் பள்ளம் விழுந்திருக்கிறது. இவர் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து அளந்துகொண்டே நின்றார். பன்னிரண்டரை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். ஒன்றாகிவிட்டது. ஒன்றரை மணி நேரக் கையிருப்பில் அரை மணி போனது. கையிருப்பு எதற்கு என்றால் இதற்குத்தான்.

பிரேயஸிலும் சொந்தமாகத்தான். அங்கிருந்து மெட்ரோவில் ஏதென்ஸ் நடுப்பகுதிக்குப் போய்விடலாம். பச்சை வழித்தடம் பழையது, நீலத் தடமும் 2022-இல் பிரேயஸ் வரை வந்துவிட்டது. ஒன்று நின்றால் இன்னொன்று. ஆனால் கப்பல் நிற்கும் முனையத்திலிருந்து மெட்ரோ வரை நடப்பது எங்களுக்கு ஒத்துவராது, டாக்ஸிதான். அக்ரோபோலிஸுக்கு இப்போது மணிவாரியாக நேரம் ஒதுக்கி டிக்கெட் தருகிறார்கள், நாளுக்கு 20,000 பேர் வரம்பு. காலை 8 மணி டிக்கெட் எடுத்திருந்தவர்கள் கப்பல் 7 மணிக்குக் கரை தொட்டும் அவதிப்பட்டதைக் கேட்டிருந்ததால் நான் 10 மணி எடுத்தேன். இவர் மேலே வரவில்லை. கீழே, 2009-இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்துவிட்டார். அதன் மேல்தளம் முழுக்கக் கண்ணாடி, மலைமேல் இருக்கும் பார்த்தினான் கோயிலின் திசைக்கே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். நான் மேலே தள்ளுமுள்ளில் வியர்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஏசியில் அமர்ந்து அதே கோயிலைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

குஷாதாசிக்கு வேறு ஏற்பாடு. எபேசஸ் அங்கிருந்து சுமார் 20 கி.மீ. மேஜைத் தோழர்கள் ஆறு பேரும் நாங்களும் சேர்ந்து ஒரு வேன், ஒரு வழிகாட்டி. முதல் நாள் இரவே மேஜையில் பேச்சு எழுந்தது, ஆனால் அவர்களில் நாலு பேர் புறப்படும் முன்பே பதிவு செய்து வைத்திருந்தார்கள். காலி இடத்தில் நாங்கள் ஒட்டிக்கொண்டோம். தனியார் டூரில் நர்ஸ் அம்மாவின் சட்டங்கள் மூன்று. கப்பல் துறைமுகத்துக்கே வரவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்கக் கூடாது. கடைசியில் கடைக்குக் கூட்டிப்போவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் வழிகாட்டி ஒரு கணம் தயங்கி, "உங்கள் விருப்பம்" என்றார். வேண்டாம் என்றோம். ஒரு மணி நேரம் மிச்சம்.

எபேசஸுக்கு இரண்டு வாசல், மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் வாசலில் இறங்கிக் கீழ் வாசலில் ஏறிக்கொண்டால் முழுக்கச் சரிவுதான், மூச்சு வாங்காது. ஆனால் அந்தச் சரிவு முழுக்க நூற்றாண்டுகளாய்த் தேய்ந்த பளிங்கு. அக்கா விழுந்தது இங்கேதான், தோல் அடி வைத்த செருப்போடு. நாங்கள் ரப்பர் அடி ஷூவில் போனோம். நிழல் என்று ஒன்று கிடையாது. கூரை போட்ட 'மாடி வீடுகள்' பகுதிக்குத் தனி டிக்கெட் என்பதால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்; உள்ளே நிழலும் உண்டு, சுவரோவியங்களும் உண்டு, படிகளும் உண்டு. இவர் வெளியே நின்றுகொண்டார். இரண்டாம் நூற்றாண்டின் செல்சஸ் நூலகத்தின் முகப்பு முன்னால் வந்து நின்றபோது இரண்டு பேருமே பேசவில்லை. நூலகம் கட்டியது மகன், உள்ளே புதைந்திருப்பது அப்பா. புத்தகங்களுக்குக் கீழே படுக்க ஆசைப்படும் ஆள் எனக்கும் ஒருவரைத் தெரியும்.

சாண்டோரினியில்தான் நான் முன்கூட்டி மண்டையை உடைத்துக்கொண்டது. அங்கே பெரிய கப்பல் கரையைத் தொடாது. எரிமலை வெடித்து உருவான ஆழக் கடலில் நிற்கும், டெண்டர் என்ற சின்னப் படகில்தான் கரைக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். சொந்தமாகப் போகிறவர்களைப் பழைய துறைமுகத்தில் விடுவார்கள். அங்கிருந்து மேலே இருக்கும் ஃபிரா ஊருக்கு மூன்று வழி: 580-க்கும் மேற்பட்ட படிகள், கழுதை, கேபிள் கார். படி எங்களுக்கு இல்லை. கழுதைகள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் ஏறச் சொல்லவில்லை. அதே படியில் அவற்றோடு நடந்தவர்கள் வேறு ஒரு எச்சரிக்கையும் சொன்னார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு. மிச்சம் கேபிள் கார். ஒரு பெட்டியில் ஆறு பேர், ஆறு பெட்டிகள், ஒரு தடவைக்கு 36 பேர். கணக்குக்காரி சும்மா இருப்பாளா? 2,500 பேர் இறங்கினால் எழுபது தடவை. மூன்று கப்பல் ஒரே நாளில் வந்தால்? அங்கேயே பென்சிலை வைத்துவிட்டேன்.

அதனால் சாண்டோரினிக்கு மட்டும் கப்பல் டூர். அந்தப் பயணிகளைத்தான் முதல் படகில் இறக்குகிறார்கள். எங்களை அத்தினியோஸ் என்ற வேறு துறைமுகத்தில் இறக்கி, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். மேலே போகக் கேபிள் கார் வேண்டியதே இல்லை. இறங்கத்தான் வேண்டும், டூர் ஃபிராவில் முடிந்துவிடுகிறது. இங்கேதான் கேபிள் காரில் மாட்டிக்கொண்டவர் சொன்னது கைகொடுத்தது: "மதியம் 1 மணிக்கே இறங்கிவிடுங்கள், இல்லை 3 மணிக்கு மேல் வரிசையைப் பார்த்து அழுவீர்கள்." ஓயா என்ற ஊரில் ஒரு மணி நேரம் சுற்றினோம், 1:10-க்குக் கேபிள் கார் வாசலில் நின்றோம். எங்கள் முன்னால் ஒன்பது பேர். கப்பலுக்கு வந்து, காலியான மேல்தளத்தில் நாற்காலி போட்டு, அந்த வெள்ளை ஊரையும் சிவந்த பாறைகளையும் மூன்று மணி நேரம் நிதானமாகப் பார்த்தோம். சாண்டோரினியை மிக நன்றாகப் பார்த்தது கப்பலிலிருந்துதான். நாலு மணி வாக்கில் தொலைநோக்கியில் அந்த வரிசையும் தெரிந்தது, தெருமுனை தாண்டி.

மிக்கோனோஸ் பற்றி நோட்டில் ஐந்து பக்கம் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் வந்தார். ஏஜியன் கடலில் கோடையில் அடிக்கும் வடக்குக் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். அன்று அது பலமாக அடித்தது. இறங்க முடியாது, கப்பல் நேராகப் போகிறது. ஐந்து பக்கமும் வீண். கப்பல் டூர் எடுத்தவர்களுக்குப் பணம் அவர்கள் கணக்கிலேயே திரும்பிவிட்டது. எங்கள் மேஜையில் ஒரு தம்பதி தனியார் டூருக்கு முழுப் பணமும் கட்டியிருந்தார்கள், எழுத்தில் ஒன்றும் வாங்காமல். அன்று இரவு அவர்கள் எங்கள் மேஜைக்கு வரவில்லை. கப்பல் எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிட்டுப் போகலாம் என்று நாம் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்த ஊருக்காகவே கப்பல் ஏறுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

நேரம் பற்றி ஒன்று விட்டுப்போய்விட்டது. கிரீஸ் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால். கரையைத் தொட்டதும் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பலின் கடிகாரம் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம், அது கேப்டன் முடிவு. கேங்வேயில் எழுதியிருப்பது கப்பல் நேரம். எனவே கையில் பழைய முள் கடிகாரம் ஒன்றைக் கட்டிக் கப்பல் நேரத்தில் வைத்துவிட வேண்டும். நான் கட்டியிருந்தது இவருடையது, மணிக்கட்டில் வளையல் போல ஆடிக்கொண்டிருந்தது.

கடைசி இரவு. மறுநாள் காலை இறங்குகிறவர்கள் பெரிய பெட்டிகளை இரவே கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் எடுத்துப்போய்விடுவார்கள், மறுநாள் துறைமுகக் கட்டடத்தில்தான் திரும்பக் கிடைக்கும். மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், காலையில் போடும் துணி எல்லாவற்றையும் கைப்பையில் எடுத்து வைக்கச் சொல்லி நர்ஸ் அம்மா ஏழு வருடம் முன்பே எச்சரித்திருந்தார். மாற்றுத் துணி வைக்காமல் இரவு உடையில் இறங்கிய ஒரு மனிதரின் கதையோடு. நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். இவருடைய பேன்ட், சட்டை, பெல்ட், முழங்கால் பட்டை, மாத்திரை டப்பா. டிக், டிக், டிக். பதினொன்றரைக்குப் பெட்டிகள் வாசலுக்குப் போயின.

காலையில் இவர் கட்டிலடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். "ஷூ எங்கே?"

சிவிட்டவெக்கியா துறைமுகத்தில், அழுத்தித் தேய்த்த பேன்ட்டும் பெல்ட்டும் போட்டு, காலில் கேபினில் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்போடு, ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு முன்னால் நடந்துபோனார். நோட்டின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் அன்றைய தேதி போட்டு எழுதியிருக்கிறேன்: ஷூ. இரண்டும்.